துண்டு போட்ட இடம்

(பாலிடெக்னிக் ஆசிரியர்கள், கணினி ஆய்வக உதவியாளர்கள், மாணவர்கள் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் தலைப்பை ‘டிஎச்சிபி சர்வர் அமைப்புகள்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். அதைப் படித்த பிறகும் இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டதும் ஒரு காரணமாக இருக்கலாம். இருக்கட்டும். நான் ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மண்டபத்தின் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். “சார், காலைல முகூர்த்தத்துக்கு வைஃபை நல்லா வருது. சாயங்காலம் ரிசப்ஷனுக்கு வர்றவங்க யாருக்கும் கிடைக்க மாட்டேங்குது. பொண்ணு வீட்டுக்காரங்க வாடகையில கழிச்சுக்குவோம்னு சண்டைக்கு வர்றாங்க” என்றார். நான் போவதற்குள்ளேயே இணைப்பின் வேகத்தை இரண்டு மடங்காக்கியிருந்தார். கூரையில் கூடுதலாக இரண்டு வைஃபை பெட்டிகளையும் மாட்டியிருந்தார். காசு போனதுதான் மிச்சம். சாயங்காலம் புதிதாக வருகிறவர்களின் போனில் ‘ஐபி முகவரி பெறப்படுகிறது’ என்ற வரி வரும், சுற்றிக்கொண்டே இருக்கும், பிறகு ஓய்ந்துவிடும்.

ரூட்டரைத் திறந்து பார்த்தேன். வழங்குவதற்கென்று ஒதுக்கியிருந்த முகவரிகள் 150. ஒன்றைக் கொடுத்துவிட்டால் 24 மணி நேரத்துக்கு அது அந்த போனின் பேரில் இருக்கும். முகூர்த்தம் காலை ஏழரைக்கு. எட்டரைக்குள் டிபன் பந்தியில் உட்கார்ந்தவர்களே 150 முகவரிகளையும் வாங்கி முடித்துவிட்டார்கள். தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்து, குளித்துவிட்டுத் தூங்கியும் எழுந்துவிட்டார்கள். அந்த 150 முகவரிகளும் மறுநாள் காலை எட்டரை வரை அவர்கள் பேரிலேயே இருந்தன.

பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறோமே, அது நினைவுக்கு வந்தது. துண்டுக்காரர் டீ குடிக்கப் போனவர் வேறு பஸ்ஸில் ஏறிவிட்டார். துண்டு மட்டும் சீட்டில் கிடக்கிறது. நின்றுகொண்டு வருகிறவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே வருகிறார்கள், யாரும் உட்காரவில்லை. சாயங்கால மண்டபத்தில் 150 துண்டுகள் கிடந்தன, ஒரு ஆள்கூட இல்லை.

24 என்ற எண்ணை அழித்துவிட்டு 1 என்று போட்டேன். முகவரிகளின் எண்ணிக்கையையும் கூட்டினேன். அதைப் பிறகு சொல்கிறேன். எண்ணை மாற்றினால் மட்டும் போதாது, ஏற்கெனவே கொடுத்தது பழைய கெடுப்படியேதான் ஓடும் என்பதால், ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பட்டியலைக் காலிசெய்தேன். அன்றைய ரிசப்ஷனில் சண்டை வரவில்லை. அதாவது, வைஃபையால் வரவில்லை.

டிஎச்சிபி என்றால் கணினிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் ஏற்பாடு என்று புத்தகங்கள் சொல்கின்றன. கொடுப்பது அதில் எளிய பாதி. கொடுத்ததைத் திரும்ப வாங்குவதுதான் சிரமமான பாதி. அமைப்புப் பக்கத்தைத் திறந்து உட்காருகிற நம்மில் பலர் முதல் பாதியை நிரப்பிவிட்டு எழுந்துவிடுகிறோம். இன்று நான் பேச வந்தது அந்த இரண்டாம் பாதியைப் பற்றி.

கொஞ்சம் பின்னால் போவோம். 1980-களில் சொந்த டிஸ்க் இல்லாத கணினிகள் இருந்தன. மின்சாரம் வந்ததும் ‘நான் யார், என் முகவரி என்ன’ என்று நெட்வொர்க்கைக் கேட்டுத்தான் அவை எழ வேண்டும். அதற்காக 1985 செப்டம்பரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பில் கிராஃப்டும் சன் மைக்ரோசிஸ்டம்ஸின் ஜான் கில்மோரும் பூட்பி என்ற முறையை எழுதினார்கள். அதில் சர்வரிடம் ஒரு பட்டியல் இருக்கும்: இந்த நெட்வொர்க் கார்டு எண்ணுக்கு இந்த முகவரி. பட்டியலில் பேர் ஏறிவிட்டால் ஏறியதுதான். நிர்வாகி கையால் அடித்தால் ஒழியப் போகாது. பட்டா மாதிரி. கணினிகள் மேசையை விட்டு நகராத காலத்தில் அது போதுமானதாக இருந்தது. மடிக்கணினி வந்து, ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகத் தொடங்கியதும் பட்டா முறை திணறியது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள பக்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரால்ஃப் ட்ரோம்ஸ் பெயரில் 1993 அக்டோபரில் டிஎச்சிபி வெளிவந்தது. பூட்பியின் பொட்டலத்தையும், சர்வருக்கு 67, கேட்பவருக்கு 68 என்ற வாசல் எண்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, முக்கியமாக ஒன்றைச் சேர்த்தார்கள்: காலம். முகவரிக்குக் கெடு வந்தது. இதில் ஒரு சிறு வேடிக்கை. அந்த ஆவணம் ஆர்எஃப்சி 1531 என்ற எண்ணில் வெளிவந்தது. பதிப்பு வேலையில் பிழை நேர்ந்ததால் அதே மாதத்திலேயே 1541 என்ற புது எண்ணில் மறுபடியும் வெளியிட்டார்கள். எண் குழப்பத்தைத் தீர்க்க வந்த ஆவணத்துக்கே இரண்டு எண். இன்று நாம் அடிப்படையாகக் கொள்வது 1997 மார்ச்சில் வந்த 2131.

அந்தக் காலக்கெடுவுக்கு ஆங்கிலத்தில் அவர்கள் எடுத்துக்கொண்ட சொல்லுக்கு நம்மிடம் குத்தகை என்ற நல்ல சொல் இருக்கிறது. ஒத்தி என்று சொல்ல மாட்டேன். ஒத்தியில் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் வீடு திரும்பும். குத்தகையில் கெடு முடிந்தால் நிலம் திரும்பிவிட வேண்டும். இங்கே திரும்புவது முகவரி.

சரி, ஒரு புதுக் கணினி எப்படி முகவரி கேட்கிறது? அதற்கு முகவரி கிடையாது. யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. ஆகவே தெருவில் நின்று கூவுகிறது. அனுப்புநர் இடத்தில் 0.0.0.0, பெறுநர் இடத்தில் 255.255.255.255, அதாவது இந்தத் தெருவில் உள்ள எல்லோருக்கும். ‘எனக்கு யாராவது முகவரி கொடுப்பீர்களா?’ அது முதல் செய்தி. சர்வர் ‘இது காலியாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறாயா’ என்கிறது; இரண்டாவது. ‘அதையே எடுத்துக்கொள்கிறேன்’ என்பது மூன்றாவது. ‘சரி, இத்தனை நாளைக்கு உனக்கு’ என்பது நான்காவது.

மூன்றாவது செய்தியில் கொஞ்சம் நிற்க வேண்டும். கொடுக்கிறவர் யார் என்று இப்போது தெரிந்துவிட்டது. அவரிடம் காதோடு சொன்னால் போதாதா? போதாது. முதல் கூவலுக்கு இரண்டு மூன்று சர்வர்கள் பதில் சொல்லியிருக்கலாம். ஒவ்வொன்றும் ஒரு முகவரியை எடுத்துத் தனியே வைத்திருக்கும். ‘நான் இன்னாரிடம் வாங்கிக்கொண்டேன்’ என்று ஊரறியச் சொன்னால்தான் மற்றவர்கள் தாங்கள் எடுத்துவைத்ததைத் திரும்ப அலமாரியில் வைக்க முடியும். மூன்று இடத்தில் பெண் பார்த்தவர்கள், ஒரு இடத்தில் முடிந்ததும் மற்ற இரண்டு வீட்டுக்கும் சொல்லி அனுப்புகிற மரியாதை இது. திரும்ப வாங்குவதற்கான ஏற்பாடு முதல் சந்திப்பிலேயே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

பிறகு புதுப்பிப்பு. கெடு முடியும் வரை கணினி சும்மா இருப்பதில்லை. பாதிக் காலம் போனதும், கொடுத்த சர்வரிடமே நேரில் போய் நீட்டித்துத் தரச் சொல்லிக் கேட்கிறது. பதில் இல்லையென்றால் 87.5 விழுக்காடு காலம் போனதும் மறுபடி தெருவில் இறங்கி ‘யாராவது நீட்டித்துக் கொடுங்கள்’ என்று கூவுகிறது. எட்டு நாள் குத்தகை என்றால் நான்காம் நாள் முதல் விண்ணப்பம், ஏழாம் நாள் கூவல், எட்டாம் நாள் முடிவில் முகவரியைக் கீழே வைத்துவிட வேண்டும். நம் ஊரில் வீட்டு வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதம் எழுதுகிறோம். பொறுப்பான குடித்தனக்காரர் பத்தாவது மாதத்தில் பேச்சை எடுப்பார். கணினி ஐந்தரை மாதத்திலேயே வந்து வாசலில் நிற்கிற ரகம்.

வீட்டைக் காலிசெய்கிறபோது சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதற்கும் ஒரு செய்தி இருக்கிறது. ஆனால் வைஃபை எல்லையைத் தாண்டி நடந்து போகிற போன் அதை அனுப்புவதில்லை. தான் எல்லையைத் தாண்டப் போகிறோம் என்று அதற்கு முன்கூட்டித் தெரியாது. தாண்டிய பிறகு சொல்ல வழியில்லை. சொல்லிக்கொள்ளாமல் போகிற விருந்தாளிகள்தான் பெரும்பாலும். அதனால்தான் கெடுவே நமக்குக் கதி.

இனி அமைப்புப் பக்கத்தின் முன் உட்காருவோம். வீட்டு ரூட்டரானாலும் விண்டோஸ் சர்வரானாலும் லினக்ஸ் ஆனாலும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான்: எங்கிருந்து எது வரை, எதை விலக்க வேண்டும், கேட்வே எது, டிஎன்எஸ் எது, எவ்வளவு காலம்.

எங்கிருந்து எது வரை என்பதில் கஞ்சத்தனம் தேவையில்லை. 192.168.1 என்று தொடங்கும் வழக்கமான ஒரு தெருவில் 256 எண்கள். தெருவின் பெயருக்கு ஒன்று, எல்லோருக்கும் கூவுவதற்கு ஒன்று போக 254. மாஸ்க்கை 255.255.255.0 என்பதிலிருந்து 255.255.252.0 என்று மாற்றினால் 1,022. மண்டபத்தில் நான் செய்த இரண்டாவது வேலை இதுதான். தனியார் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கிய எண்களில் 10 என்று தொடங்குபவை மட்டுமே 1,67,77,216. அள்ளிக்கொள்ளலாம். அதற்காக ஒரே தெருவில் பத்தாயிரம் வீட்டைக் கட்டிவிடாதீர்கள். ஒருவர் கூவினால் பத்தாயிரம் வீட்டிலும் கேட்கும்.

அடுத்தது விலக்கு. இதைச் சொல்ல ஒரு பிரிண்டர் கதை உண்டு. ஓர் அலுவலகத்தில் பிரிண்டர் திங்கட்கிழமை மட்டும் வேலை செய்யாது. செவ்வாய் சரியாகிவிடும். சில வாரம் நன்றாக இருக்கும்; மறுபடி ஒரு திங்கட்கிழமை மக்கர். சரிசெய்ய வந்தவர்கள் டோனரை மாற்றினார்கள், டிரைவரை மாற்றினார்கள், கேபிளை மாற்றினார்கள். ஒருவர் எலுமிச்சம்பழம் கட்டலாம் என்றுகூடச் சொன்னார், பாதி விளையாட்டாக. விஷயம் இதுதான். பிரிண்டருக்கு 192.168.1.120 என்று யாரோ கையால் எழுதிவைத்திருந்தார்கள். ரூட்டர் வழங்கும் வரிசை 100-இல் தொடங்கி 249 வரை. 120 அதற்குள்ளே இருக்கிறது. பிரிண்டர் ஓடிக்கொண்டிருக்கும் நாட்களில், கொடுப்பதற்கு முன் தட்டிப் பார்க்கிற சர்வரும், வாங்கியதும் சோதித்துப் பார்க்கிற மடிக்கணினியும் ‘ஆள் இருக்கிறது’ என்று விலகிக்கொள்ளும். சனிக்கிழமை மாலை பிரிண்டரை அணைத்துவிட்டுப் போவார்கள். திங்கள் காலை பிரிண்டருக்கு முன்னால் வந்துவிட்ட யாரோ ஒருவரின் போன் 120-ஐ வாங்கிக்கொள்ளும். பிறகு பிரிண்டர் கண் விழிக்கும். ஒரு கதவில் இரண்டு பேர்.

தீர்வு இரண்டு. ஒன்று, கையால் எழுதுகிற எண்களை வழங்கும் வரிசைக்கு வெளியே வைப்பது. இரண்டு, கையாலேயே எழுதாமல், பிரிண்டரின் மேக் முகவரியை, அதாவது அதன் நெட்வொர்க் கார்டு எண்ணை, சர்வரில் பதிந்து ‘இவர் வந்தால் 120-ஐக் கொடு’ என்று முன்பதிவு செய்வது. நான் இரண்டாவது கட்சி. கேமரா பதிவுப் பெட்டி, கைரேகை வருகைப் பதிவுக் கருவி, பிரிண்டர், எல்லாம் முன்பதிவில். கையால் எழுதிய எண் அந்தப் பெட்டிக்குள்ளே ஒளிந்திருக்கும். முன்பதிவு செய்த எண் ஒரே பட்டியலில் கண்ணெதிரே இருக்கும். கேட்வேயை மாற்ற வேண்டிய நாள் வந்தால், சர்வரில் ஒரு வரியை மாற்றினால் போதும். ரூட்டர், சுவிட்ச், டிஎச்சிபி சர்வர் மூன்றும் மட்டும் கையால் எழுதப்பட வேண்டியவை. கதவைத் திறக்கிறவர் வெளியே நின்று தட்டக் கூடாதில்லையா.

கேட்வே, டிஎன்எஸ் இரண்டும் எளியவை. ஒரே ஒரு எச்சரிக்கை. உள் நெட்வொர்க்கின் டிஎன்எஸ் ஒன்றைக் கொடுத்துவிட்டு, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இரண்டாவதாக 8.8.8.8 கொடுக்கிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. இரண்டாவது என்றால் முதலாவது செத்தால் மட்டும் போவார்கள் என்று நினைக்கிறோம். கணினிகள் அப்படி வரிசை பார்ப்பதில்லை. சில நேரம் அங்கேயும் போய்க் கேட்கும். உங்கள் அலுவலகச் சர்வரின் பெயர் கூகுளுக்கு எப்படித் தெரியும்? ‘அப்படி யாரும் இல்லை’ என்று அது நேர்மையாகப் பதில் சொல்லும். கொடுத்தால் இரண்டையும் உள்ளூரிலேயே கொடுங்கள்.

இப்போது காலம். இதற்கு எத்தனை பேர் எத்தனை எண் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். விண்டோஸ் சர்வரில் எதையும் தொடாமல் விட்டால் 8 நாள். சிஸ்கோ ரூட்டரில் 1 நாள். ஓப்பன்டபிள்யூஆர்டி ரூட்டர்களில் 12 மணி நேரம். லினக்ஸில் நெடுங்காலம் ஓடிய ஐஎஸ்சி சர்வரோடு வரும் மாதிரிக் கோப்பில் 600 விநாடி, அதாவது பத்து நிமிடம். நாலு வீட்டில் நாலு சமையல். இவர்களில் யாரும் உங்கள் கட்டடத்தைப் பார்த்ததில்லை. (அந்த ஐஎஸ்சி சர்வரின் பராமரிப்பு 2022-இல் நின்றுவிட்டது, அதே நிறுவனத்தின் கியா அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. பழைய பாடப் புத்தகத்தை வைத்துப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

குறைந்த கெடு வைத்தால் சர்வர் திணறாதா என்று கேட்பார்கள். கணக்குப் போடுவோம். ஆயிரம் கருவிகள், ஒரு மணி நேரக் குத்தகை. ஒவ்வொன்றும் அரை மணிக்கு ஒருமுறை வரும். மணிக்கு 2,000 புதுப்பிப்பு. ஏறக்குறைய இரண்டு விநாடிக்கு ஒன்று என்று சொல்லலாம், சரியாக 1.8 விநாடிக்கு ஒன்று. ஒவ்வொன்றும் போக ஒரு பொட்டலம், வர ஒரு பொட்டலம். பழைய கணினிகூட இதைத் தூக்கத்தில் செய்யும்.

உண்மையான விலை வேறு இடத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை டிஎச்சிபி சர்வர் விழுந்துவிட்டது என்று வையுங்கள். எட்டு நாள் குத்தகை என்றால், எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் ஒவ்வொன்றின் கையிலும் குறைந்தது நான்கு நாள் மிச்சம் இருக்கும். பாதியிலேயே புதுப்பித்துவிடுகின்றன அல்லவா. திங்கட்கிழமை வந்து சாவகாசமாகச் சர்வரை எழுப்பலாம். ஒரு மணி நேரக் குத்தகை என்றால் அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் ஒவ்வொருவராகக் கழன்று விழுவார்கள். உங்கள் போன் அடிக்கத் தொடங்கும். ஆகவே என் கணக்கு இப்படி: சர்வர் விழுந்தால் எவ்வளவு நேரத்தில் எழுப்ப முடியுமோ, குத்தகையின் பாதி அதைவிடக் குறையக் கூடாது. அந்த இடத்தில் ஆட்கள் மாறும் வேகத்தைவிடக் குத்தகை ரொம்ப நீளவும் கூடாது. இரண்டுக்கும் இடையில் எங்கேயோ உங்கள் எண் இருக்கிறது. மேசைக் கணினிகள் நிற்கும் ஆய்வகத்துக்கு எட்டு நாள் வசதி. நூலகத்தின் விருந்தினர் வைஃபைக்கு இரண்டு மணி. இரண்டையும் சேர்க்க முடியாதென்றால் இரண்டு தனி நெட்வொர்க்காகப் பிரித்துவிடுங்கள்.

சர்வர் விழும் பயத்துக்கு இன்னொரு மருந்தும் உண்டு: இரண்டு சர்வர். விண்டோஸில் 2012 பதிப்பிலிருந்து இரண்டும் ஒரே பட்டியலைப் பகிர்ந்துகொள்ளும். அதற்கு முந்தைய நாட்களில் முகவரிகளை 80-க்கு 20 என்று பிரித்து இரண்டு சர்வரில் வைப்பார்கள். பாகப்பிரிவினை மாதிரி; கோடு தாண்டாமல் இருந்தால் சண்டையில்லை.

காலத்தைப் பற்றி ஒரு தொழில் இரகசியம் சொல்லிவிட்டு மேலே போகிறேன். நெட்வொர்க்கின் எண்களையே மாற்றப் போகிறீர்கள், அல்லது கேட்வே மாறப் போகிறது. மாற்றும் நாளுக்கு ஐந்து நாள் முன்னால் குத்தகையை எட்டு நாளிலிருந்து ஒரு மணியாகக் குறைத்துவிடுங்கள். நான்கு நாளுக்குள் ஓடுகிற கணினிகள் எல்லாம் புதுப்பிக்க வந்து ஒரு மணிக் குத்தகையை வாங்கிப் போயிருக்கும். குறித்த நாளில் மாற்றினால், ஒரு மணிக்குள் ஊரே புது எண்ணுக்கு வந்துவிடும். மாடி மாடியாக ஏறி, ஒவ்வொருவரிடமும் ‘அணைத்துப் போடுங்கள்’ என்று சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம். நான் முதல் முறை திரிந்தேன்.

நம்பிக்கையைப் பற்றிக் கொஞ்சம். இந்த ஏற்பாடு முழுவதும், கூவியவுடன் பதில் சொல்கிறவர் நல்லவர் என்ற நினைப்பில் கட்டியது. பெரும்பாலான கருவிகள் முதலில் வந்த பதிலையே எடுத்துக்கொள்ளும்.

ஒரு கல்லூரியில் ஆன்லைன் தேர்வு நாள். அறுபது கணினிகள். காலையில் திறந்தால் இருபதில் இணையம் இல்லை, நாற்பதில் இருக்கிறது. இல்லாதவை ஒரே வரிசையிலும் இல்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாக. ஆய்வக உதவியாளர், “சார், நான் எதையும் தொடலை, சத்தியமா” என்கிறார். ஐபிகான்ஃபிக் கட்டளை கொடுத்துப் பார்த்தால், நாங்கள் கொடுப்பது 10-இல் தொடங்கும் எண். அந்த இருபதிலும் 192.168.0 என்று தொடங்குகிறது. அப்போதே புரிந்துவிட்டது. யாரோ இன்னொருவர் கடை திறந்திருக்கிறார். கேட்வேயின் மேக் முகவரியைக் குறித்துக்கொண்டு, சுவிட்சின் பட்டியலில் அது எந்த போர்ட்டில் இருக்கிறது என்று பார்த்து, கேபிளைப் பிடித்துக்கொண்டே போனோம். ஆசிரியர் அறை, பீரோவுக்குப் பின்னால், கைக்கடக்கமான ஒரு ரூட்டர். அறையில் சிக்னல் குறைவு என்று ஒருவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. சுவரிலிருந்து வரும் கேபிளை இன்டர்நெட் என்று எழுதிய துளையில் செருகாமல் பக்கத்தில் இருந்த லேன் துளையில் செருகிவிட்டார். அவ்வளவுதான். அந்தப் பெட்டி ஊர் முழுக்கக் காது கொடுத்துக் கேட்டு, எங்கள் சர்வரைவிட ஒரு கணம் முந்திப் பதில் சொல்லத் தொடங்கிவிட்டது. அவர் மேல் கோபம் வரவில்லை. இரண்டு துளையும் ஒரே அளவு, ஒரே வடிவம்.

தேர்வு நாற்பது நிமிடம் தாமதமானது. அன்று மாலையே சுவிட்சுகளில் டிஎச்சிபி ஸ்னூப்பிங் என்ற காவலைப் போட்டோம். சர்வர் இருக்கும் போர்ட் மட்டும் நம்பகமானது. வேறு எந்த போர்ட்டிலிருந்து முகவரி கொடுக்கும் செய்தி வந்தாலும் சுவிட்ச் அதைக் கீழே போட்டுவிடும். விண்டோஸ் ஆக்டிவ் டைரக்டரியில் சர்வருக்கு அனுமதி வழங்கும் ஏற்பாடு இருக்கிறதே என்று கேட்காதீர்கள். அது விண்டோஸ் சர்வர்களைக் கட்டுப்படுத்தும். பீரோவுக்குப் பின்னால் இருக்கும் பெட்டி யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

ஆய்வக உதவியாளர்களுக்கு ஓர் அடையாளம் சொல்கிறேன். கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், அது கூவிக் கூவிப் பார்த்து, யாரும் பதில் சொல்லாததால் தானே வைத்துக்கொண்ட பெயர். கேபிளையும் சர்வரையும் பாருங்கள். வேறு ஏதோ முறையான எண், ஆனால் நம்முடையதல்ல என்றால், பீரோவை நகர்த்துங்கள்.

இது விபத்தாக மட்டுமே நடக்கும் என்று எண்ண வேண்டாம். முகவரியோடு சேர்த்து வழிகளையும் சொல்லி அனுப்பும் 121 என்ற எண்ணுள்ள அமைப்பு ஒன்று உண்டு. அதை வைத்து, விபிஎன் போட்டிருப்பவரின் போக்குவரத்தைக்கூட விபிஎன்னுக்கு வெளியே திருப்பிவிடலாம் என்று 2024 மே மாதத்தில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டினார்கள். டனல்விஷன் என்று பெயரிட்டார்கள். எங்கோ ஒரு லாட்ஜ் வைஃபையில் முகவரி வாங்குகிறபோது, முகவரியை மட்டும் வாங்கவில்லை. ‘எந்தப் பக்கம் போக வேண்டும்’ என்ற சொல்லையும் சேர்த்து வாங்குகிறோம்.

மாடிக்கு மாடி தனி நெட்வொர்க் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கூவல் ரூட்டரைத் தாண்டாது. அதற்காக மாடிக்கு ஒரு சர்வர் வேண்டாம். ரூட்டரில் ரிலே போட்டால், அது கூவலைக் கேட்டுத் தன் முகவரியை ஓரத்தில் குறித்து, மைய சர்வருக்கு நேரே அனுப்பும். அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் சர்வர் ‘இது மூன்றாம் மாடி, மூன்றாம் மாடி எண்ணைக் கொடு’ என்று முடிவுசெய்கிறது. ரிலே வேலை செய்தும் முகவரி வரவில்லையென்றால், பத்துக்கு எட்டு முறை அந்த மாடிக்கான வரிசையைச் சர்வரில் எழுத மறந்திருப்பீர்கள்.

கடைசியாக, முகமூடிகள். 2019-இல் ஆண்ட்ராய்டு 10, 2020-இல் ஐஓஎஸ் 14 தொடங்கி, போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியைச் சொல்வதில்லை. ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் முகவரி வைத்துக்கொள்கின்றன. தனிமனித உரிமை என்ற முறையில் நல்லதுதான். நானும் என் போனில் அதை அணைக்கவில்லை. ஆனால் மேக் முகவரியை ஆதார் எண் போல நம்பி முன்பதிவு செய்தவர்களுக்கு அடி. சில கருவிகளில் அந்தப் பொய் முகவரி அவ்வப்போது மாறவும் செய்யும். ஒவ்வொரு முறை மாறும்போதும் சர்வருக்கு அவர் புது ஆள். பழைய பேரில் ஒரு துண்டு, புதுப் பேரில் ஒரு துண்டு. குத்தகை நீளமாக இருக்கும் இடங்களில் முகவரிகள் இப்படித்தான் சத்தமில்லாமல் தீர்ந்துபோகின்றன. ‘எங்களிடம் இருநூறு பேர்தானே, 254 எப்படித் தீரும்’ என்று கேட்டு எனக்குப் போன் வரும்போதெல்லாம் நான் முதலில் கேட்பது குத்தகை எத்தனை நாள் என்றுதான்.

பதிவேட்டையும் மறக்க வேண்டாம். நேற்று 10.15-க்கு இந்த எண் யாரிடம் இருந்தது என்று காவல்துறையோ நிர்வாகமோ கேட்டால், பதில் டிஎச்சிபி பதிவேட்டில்தான் இருக்கும். நம் நாட்டில் செர்ட்-இன் என்ற அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. சர்வரின் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடிகாரம் பத்து நிமிடம் பிந்தியிருந்தால், குறுகிய குத்தகை உள்ள இடத்தில் பதிவேடு வேறு ஒருவரைக் கைகாட்டிவிடும்.

மழை விட்டிருக்கிறது போல. முடித்துவிடுகிறேன்.

அந்த மண்டபத்துக்கு இரண்டு ஆண்டு கழித்து ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனேன். ரிசப்ஷன். பக்கத்து நாற்காலிப் பையன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலைந்தான். போய்க் கேட்டேன். மேனேஜர் மாறியிருந்தார். பழைய ரூட்டர் இடி விழுந்து போய்விட்டதாம். புதிதாக ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறார்கள். திறந்து பார்த்தால் குத்தகை 24 மணி நேரம். கெடுவை ஏன் குறைத்தேன் என்று நான் ஒரு சீட்டில் விவரமாக எழுதி ஒட்டிவிட்டுப் போயிருந்தேனே என்றேன். “அது பழைய ரூட்டர் முதுகுல ஒட்டியிருந்துச்சு சார். அதோடவே பழைய இரும்புக்காரன்கிட்டப் போட்டுட்டாங்க” என்றார்.

இந்த முறை சீட்டைச் சுவரில் ஒட்டினேன்.